ஒருவர் கையெழுத்தும் அடுத்தவர் கூலியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

ஒருநாள் இரவு விடுதி உணவுக் கூடத்தில் ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில் ஜாஷ் ஆலன் என்ற பந்தாட்டக்காரருக்கு 2025 மார்ச்சில் ஆறு ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் என்று ஒப்பந்தம் ஆகியிருந்ததை நண்பர் ஒருவர் படித்துக் காட்டினார். "பந்தைத் தூக்கி எறிகிறவனுக்கு இத்தனை பணமா? உலகம் உருப்படுமா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சு சாம்பாரின் பக்கம் திரும்பிவிட்டது.

இந்தப் பணம் தகுமா, தகாதா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த 33 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் மனத்தைக் குடைந்தது. ஓர் ஆட்டக்காரரின் தோள்வலுவை எந்தத் தராசில் நிறுத்து விலை போட்டார்கள்? மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல்பிடித்துப் பேசுகிறவர்கள்கூட, போன வாரம் இதே போன்ற ஜோடி என்ன விலைக்குப் போனது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விரலைப் பிடிக்கிறார்கள். இங்கும் அப்படித்தானாம். முன்னவர் வாங்கிய தொகையே பின்னவருக்குப் படிக்கல் என்று விளையாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றன. நானும் முதலில் அதை நம்பினேன். படிக்கப் படிக்க, அது பாதி உண்மை என்று தெரிந்தது. மற்றப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். இது நாம் மைதானத்தில் உதைக்கும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தலைமை அமைப்பான என்.எஃப்.எல். என்னும் லீகில் 32 அணிகள். பக்கத்துக்குப் பதினொருவர். அவர்களுள் 'குவார்ட்டர்பேக்' என்பவர்தான் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவு செய்கிறவர். நம் கைப்பந்தாட்டத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பந்தில் எதிரணியார் வலைக்கு அப்பால் நிற்பார்கள். இங்கே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நால்வர் அவர்மீது பாய்ந்து விழுவார்கள். அணிக்கு இருக்கும் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர்தான். ஆகவே பெருந்தொகை அவருக்கே.

இந்த ஆட்டத்தின் ஒப்பந்தங்களில் இரண்டு எண்கள் உண்டு. தலைப்புச் செய்தியில் வருவது முதல் எண். உத்தரவாதமான தொகை என்பது இரண்டாம் எண். ஐந்தாண்டுக்கு 25 கோடி என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், இரண்டாம் ஆண்டின் முடிவில் "நாளை முதல் வரவேண்டாம்" என்று அணி சொல்லிவிடலாம். சொன்னால், உத்தரவாதம் இல்லாத மீதித் தொகை காற்றோடு போகும். கூடைப்பந்து, பேஸ்பால் ஆட்டங்களில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழுமையாகச் செல்லுபடியாகும். உடல் நொறுங்கும் இந்த ஆட்டத்திலோ அந்த வழக்கம் இல்லை. முட்டி அதிகமாக முறிகிற இடத்தில்தான் காகிதத்தின் மதிப்பும் குறைவு. ஆகவே இங்கே உண்மையான கூலி இரண்டாம் எண்தான். முதல் எண் பெரும்பாலும் மாலை மரியாதை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

2022 மார்ச்சில் டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்கை ஹூஸ்டன் அணியிடமிருந்து கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி பெற்றது. 1964-க்குப் பின் கோப்பையைக் கண்டிராத அணி அது. வேறு அணிகளும் போட்டியிட்டன. கிளீவ்லாந்துக்கு முதலில் இல்லை என்றே பதில் வந்தது. உடனே அது யாரும் செய்யாததைச் செய்தது. ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர், அத்தனையும் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தது. அதுவரை இருந்த மிகப் பெரிய உத்தரவாதத்தைவிட ஏறத்தாழ 8 கோடி டாலர் அதிகம்.

அப்போது வாட்சன் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றஞ்சாட்டி உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார்; குற்றவியல் வழக்கு எழவில்லை. எனினும் லீக் அவரைப் 11 ஆட்டங்களுக்கு விலக்கி, 50 இலட்சம் டாலர் அபராதமும் விதித்தது. விலக்கப்பட்டால் பண இழப்புக் குறைவாக இருக்கும்படி முதலாண்டுச் சம்பளத்தைத் தாழ்த்தியும் மற்ற ஆண்டுகளில் உயர்த்தியும் எழுதியிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அருவருப்பாகவே இருந்தது. ஆனால் நான் பேசவந்தது அந்தக் காகிதம் அடுத்தவருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி.

அடுத்தவர் லமார் ஜாக்சன். பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்காரர். 2018-இல் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முதற் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாக எடுக்கப்பட்டவர். மறு ஆண்டே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் பெற்றார். அவருக்கு முகவர் கிடையாது. தாயாரின் துணையோடு தாமே உட்கார்ந்து பேரம் பேசினார். இது அங்கே அரிது. பெரிய ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் முகவர் இன்றி அறைக்குள் நுழைவதில்லை. அதனாலேயே அவரைப் பலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுமுன் தாளை முழுதும் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதற்கு முன் கைநாட்டும் நம்பிக்கையுமே. தாளைத் தானே படிப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் எனக்கு அவர்பால் ஒரு பரிவு தோன்றிவிடுகிறது. இக்கட்டுரையில் அந்தச் சாய்வு இருக்கலாம். வாசகர்கள் அதைக் கழித்துவிட்டுப் படிக்கட்டும்.

வாட்சன் ஒப்பந்தம் வெளியானதும் ஜாக்சனின் நிலை எளிதாகிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். அவர் வாட்சனைவிடப் பெரிய விருது பெற்றவர். அவர்மீது எந்தக் களங்கமும் இல்லை. இரண்டும் ஒரே பிரிவில் மோதும் அணிகள். 1996-இல் கிளீவ்லாந்திலிருந்து பெயர்ந்து போன அணிதான் பால்டிமோர் அணி என்பதால் பழைய பகை வேறு. அங்கே கொடுத்ததை இங்கே கொடுங்கள் என்று கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

பால்டிமோர் முதலாளி ஸ்டீவ் பிஷாட்டியும் இதை உணர்ந்திருந்தார். அந்த மார்ச் மாதமே, முதலாளிகள் கூட்டத்திற்கு வந்த இடத்தில், ஒப்பந்தம் முழுவதற்கும் உத்தரவாதம் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்றும், மற்றவர்களோடு பேரம் பேசுவது இனிக் கடினம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதே மூச்சில், அதற்காக நாமும் அந்த ஆட்டத்தை ஆடவேண்டும் என்பதில்லை என்ற பொருளிலும் பேசினார். இந்த இரண்டாம் வாக்கியத்தை அன்று பலர் கவனிக்கவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதில்தான் அடங்கியிருந்தது.

2022 செப்டம்பரில் பேச்சு முறிந்தது. அணி கொடுக்க முன்வந்தது ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர், கையெழுத்தன்று உறுதியாவது 13 கோடியே 30 இலட்சம் என்று செய்தி வந்தது. பாருங்கள், முதல் எண் வாட்சனுடையதைவிடப் பெரிது. இரண்டாம் எண் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஜாக்சன் ஏற்கவில்லை. அந்தப் பருவத்தில் முழங்காலில் அடிபட்டுக் கடைசி ஆட்டங்களில் இறங்கவில்லை. 2023 மார்ச் 7-ஆம் நாள் அணி அவருக்கு 'டாக்' என்னும் ஓராண்டுக் கட்டினைப் போட்டது. சம்பளம் 3 கோடியே 24 இலட்சம் டாலர். வேறு அணி எதுவும் அவருக்கு விலை சொல்லலாம். பால்டிமோர் அதே விலையைத் தரலாம், அல்லது இரண்டு முதற்சுற்றுத் தேர்வுகளை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். அதாவது கதவைத் திறந்தே வைத்தார்கள்.

எவரும் வரவில்லை! இருபத்தாறு வயது, சிறந்த ஆட்டக்காரர் விருது. நல்ல குவார்ட்டர்பேக் இல்லாமல் தவிக்கும் அணிகளோ பல. எங்களுக்கு விருப்பமில்லை என்று சில அணிகளின் பெயரில் முதல் நாளே செய்தி கசிந்தது. ஏலக் கூடத்தில் நல்ல பொருளைக் கண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தால் என்ன நினைப்போம்?

அந்த நேரத்தில் வேறொரு கையெழுத்து விழுந்தது. ஏப்ரல் 17 அன்று பிலடெல்பியா அணியின் ஜேலன் ஹர்ட்ஸ் ஐந்தாண்டுக்கு 25 கோடியே 50 இலட்சம் டாலருக்கு இசைந்தார். உத்தரவாதம் 17 கோடியே 93 இலட்சம். பத்தே நாள். ஏப்ரல் 27 அன்று ஜாக்சன் ஒப்புக்கொண்டார்: 26 கோடி, உத்தரவாதம் 18 கோடியே 50 இலட்சம்.

கணித மாணவன் என்பதால் ஒரு சிறு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். வாட்சனுக்கு உத்தரவாதம் நூற்றுக்கு நூறு. ஹர்ட்ஸுக்கு நூற்றுக்கு எழுபது. ஜாக்சனுக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. ஜாக்சனின் கூலி யாருடைய கையெழுத்திலிருந்து பிறந்தது என்று இதற்குமேலும் சொல்லவேண்டுமா? ஓராண்டுக்கும் மேலாக அவர் காட்டிவந்த முன்மாதிரி வாட்சன். அவருக்குக் கிடைத்த முன்மாதிரி ஹர்ட்ஸ். இரண்டு காகிதங்கள் மேசையில் இருந்தன. எதைப் படிக்கல் என்று கொள்வது என்பதைக் கொடுக்கிறவர்களே தெரிந்தெடுத்தார்கள். ஹர்ட்ஸ்மீது நான் குறை சொல்லவில்லை. அவர் தம் பங்குக்கு நல்ல விலை வாங்கினார். ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் கதவடைத்து நின்று போராடும்போது தாம் இட்ட கையெழுத்து அவருடைய போராட்டத்தின் விலையையும் எழுதிவிட்டது என்பதை அவர் அறிந்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதற்குப் பின் வந்தவர்களைப் பாருங்கள். 2023 ஜூலையில் ஜஸ்டின் ஹெர்பர்ட்டுக்கு 26 கோடியே 25 இலட்சம். செப்டம்பரில் ஜோ பர்ரோவுக்கு 27 கோடியே 50 இலட்சம். 2024-இல் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்கு 6 கோடி என்ற அளவைத் தொட்டார். பிறகு ஆலனின் 33 கோடி. முதல் எண் ஒழுங்காகப் படியேறுகிறது. ஒவ்வொருவர் காலும் முன்னவர் தோளில். இரண்டாம் எண்ணோ பர்ரோவுக்கு நூற்றுக்கு எண்பது, ஆலனுக்கு எழுபத்தாறு. அந்த நூற்றுக்கு நூறு இந்தப் பெரியவர்கள் எவருக்கும் திரும்பவில்லை. 2018-இலும் இப்படித்தான். மினசோட்டா அணி கர்க் கசின்ஸுக்கு மூன்றாண்டுக்கு 8 கோடியே 40 இலட்சத்தை முழு உத்தரவாதத்துடன் கொடுத்தபோது, இனி எல்லாருக்கும் இதுவே என்று முரசறைந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வாட்சன் வரும்வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

ஆக, தொகை தொற்றிக்கொள்கிறது, உரிமை தொற்றிக்கொள்வதில்லை. தொகை ஏறுவதற்குக் காரணமும் இருக்கிறது. அணி ஒன்று ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு, தொலைக்காட்சி வருமானத்தோடு சேர்ந்து உயர்கிறது. 2022-இல் 20 கோடியே 82 இலட்சமாக இருந்தது, 2025-இல் 27 கோடியே 92 இலட்சம். வரம்பு ஏற ஏறக் கூலியும் ஏறத்தான் செய்யும். அதைக் கொடுப்பதில் முதலாளிக்கு வலியில்லை. உத்தரவாதம் அப்படியன்று. வேண்டாம் என்றபோது வெளியே அனுப்பும் அதிகாரத்தை அது பறிக்கிறது. அதை எவரும் எளிதில் விடமாட்டார்.

இதெல்லாம் என் ஊகம் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆட்டக்காரர் சங்கம் 2022 அக்டோபரிலேயே, முதலாளிகள் கூடிப் பேசி உத்தரவாதத்தை மறுக்கிறார்கள் என்று மத்தியஸ்தரிடம் முறையிட்டது. முன்னாள் மேல்முறையீட்டு நீதிபதியான கிறிஸ்டபர் டிரோனி 2025 ஜனவரியில் 61 பக்கத் தீர்ப்பு அளித்தார். உத்தரவாதங்களைக் குறைக்கும்படி 2022 மார்ச் கூட்டத்தில் லீக் நிர்வாகம் 32 அணிகளையும் தூண்டியது என்பதில் ஐயமில்லை என்றார். ஆனால் அணிகள் அதன்படி கூட்டாக நடந்தன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, சங்கத்தின் கோரிக்கையைத் தள்ளினார். தூண்டினார்கள், ஆனால் தூண்டப்பட்டார்களா என்பது தெரியவில்லை! சட்டம் படித்தவர்களுக்கு இதில் நயம் இருக்கலாம். எனக்கு, 'தீ மூட்டியது உண்மை, அடுப்பு எரிந்ததற்குச் சான்றில்லை' என்பது போலத்தான் படுகிறது.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்தத் தீர்ப்பை லீகும் வெளியிடவில்லை, சங்கமும் வெளியிடவில்லை. 2025 ஜூனில் ஒரு பத்திரிகையாளர் அதைத் தேடியெடுத்து வெளியிட்ட பின்னரே ஆட்டக்காரர்கள் படித்தார்கள். சங்கம் அதற்குப் பிறகுதான் மேல்முறையீடு செய்தது. யாருக்காக வழக்காடினார்களோ, அவர்களிடமே மறைத்தார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டது இது. "கூட்டுச் சதி எதற்கப்பா? ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியே புத்தி இருக்காதா?" வாட்சன் 2022 முதல் 2024 வரை மூன்று பருவங்களில் ஆடியவை வெறும் 19 ஆட்டங்கள். விலக்கு, தோள் காயம், பிறகு குதிகால் நரம்பு அறுந்தது. பணமோ முழுதும் கொடுத்தாகவேண்டும். ஜாக்சனும் 2021, 2022 இரண்டு பருவங்களின் இறுதியில் காயத்தால் வெளியே இருந்தவர். உத்தரவாதம் கொடுத்த எதிர்காலப் பணத்தில் பெரும்பகுதியை அணி இப்போதே ஒதுக்கி வைக்கவேண்டும் என்ற பழைய விதி வேறு இருக்கிறது. இவற்றைப் பார்த்து எந்த அறிவுள்ள முதலாளியும் தயங்குவார் என்றார் பேராசிரியர்.

நியாயமான வாதம்தான். ஆனால் வாட்சனின் காயங்களில் பெரியவை 2023-க்கும் 2024-க்கும் உரியவை. முதலாளிகள் முகம் சுளித்ததோ 2022 மார்ச்சில், அவர் அந்த அணிக்காக ஒரு பந்துகூட எறியாத போது. ஒதுக்கிவைக்கும் விதியோ, அணிகள் நொடித்துப் போகலாம் என்றிருந்த காலத்துக்கு உரியது. 2021-இல் 10,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட லீகிற்கு அந்த அச்சம் பொருந்துமா? ஒன்றை மட்டும் பேராசிரியருக்கு விட்டுக்கொடுக்கிறேன். முழு உத்தரவாதத்தை முதலில் பெற்ற அந்தப் பெருந்தொகைக்காரர் வாட்சனாக இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால், அதை 'ஒரு பித்துப்பிடித்த அணியின் தவறு' என்று ஒதுக்குவது இவ்வளவு எளிதாக இருந்திராது. நல்ல வழக்கு கெட்ட கட்சிக்காரரின் கையில் விழுந்தது ஜாக்சனின் துரதிருஷ்டம்.

இனி, படிக்கல் உண்மையிலேயே படிக்கல்லாகப் பயன்பட்ட ஒரு நிகழ்ச்சி. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாம் சுற்றில் வந்த இளைஞர்கள், ஏறத்தாழ நம் வயதினர். அதுவரை இரண்டாம் சுற்றுக்காரர் எவருக்கும் முழு உத்தரவாதம் கிடைத்ததில்லை. அந்த மே மாதம் ஹூஸ்டன் அணி, 34-ஆவதாக வந்த ஜெய்டன் ஹிகின்ஸுக்கு முழு உத்தரவாதம் கொடுத்துவிட்டது. அவருக்கு மேலே 33-ஆவதாக நிற்பவர் அதைவிடக் குறைவாக வாங்குவாரா? கார்சன் ஷ்வெசிங்கருக்குக் கிளீவ்லாந்து கொடுத்தது. பிறகு மற்ற 30 பேரும் கையெழுத்திடாமல் நின்றுவிட்டார்கள். ஜூன் போயிற்று, ஜூலைப் பாதியும் போயிற்று. பயிற்சி முகாம்கள் திறக்கவேண்டிய நாள். ஒருவர் கையெழுத்திட்டால் அவருக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அதுவே அளவு என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். இறுதியில் 40-ஆவது இடத்து டைலர் ஷக்கும் முழு உத்தரவாதம் பெற்றார். அதன்பின் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டனர்.

விருதுபெற்ற ஜாக்சனால் முடியாதது இந்தச் சிறுவர்களால் எப்படி முடிந்தது? தொகை சிறியது என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. இடங்களுக்கு எண் உண்டு, ஆகவே 34 வாங்கியதை 35 கேட்பதற்கு விளக்கம் தேவையில்லை என்பது இன்னொன்று. எனினும் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர்கள் அனைவரும் ஒரே கோடையில், ஒரே நேரத்தில் காத்திருந்தார்கள் என்பதே. குவார்ட்டர்பேக்குகளின் ஒப்பந்தமோ ஒருவருக்கு இந்த ஆண்டு முடியும், மற்றவருக்கு அடுத்த ஆண்டு முடியும். ஒருவர் நிற்கும்போது அடுத்தவருக்கு நிற்கத் தேவை இல்லை. முதலாளிகள் 32 பேருக்கோ ஆண்டுதோறும் ஒரே கூடத்தில் கூட்டம் நடக்கிறது.

ஜாக்சன் தோற்றார் என்று நான் எழுதமாட்டேன். 2022 செப்டம்பரில் அணி காட்டியதைவிட மொத்தத் தொகையில் ஒரு கோடி கூட்டி வாங்கினார்; அதே 2023 பருவத்தில் இரண்டாம் முறையாகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். முகவர் இருந்திருந்தால் முழு உத்தரவாதம் கிடைத்திருக்கும் என்கிறவர்கள், நல்ல முகவரை வைத்திருந்த பர்ரோவுக்கும் ஆலனுக்கும் அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை சொல்லட்டும்.

வாட்சன் 2022-இல் கையெழுத்திட்ட காகிதம் 2026 பருவம் வரைக்கானது. ஜாக்சன் 2023-இல் கையெழுத்திட்டது 2027 பருவம் வரைக்கானது. அடுத்த முறை விடுதியில் யாராவது ஒரு பெரிய எண்ணைப் படித்துக் காட்டினால், இரண்டாவது எண் எவ்வளவு என்று கேட்கப்போகிறேன்.